ஒரு வருஷம்தானே என்று நிறுத்தினேன்!

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிற வீடா உங்களுடையது? அப்படியானால் நான் சொல்லவே வேண்டாம். டி.வி. ரிமோட் ஒளிந்திருக்கும். செல்போன் அம்மாவின் பீரோவுக்குள் இருக்கும். வருகிற விருந்தாளிகூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும். முக்கியமாக, பையனின் விளையாட்டு ஷூ பரண் ஏறியிருக்கும். 'ஒரு வருஷம்தானே! பரீட்சை முடிஞ்சதும் எடுத்துத் தர்றேன்' என்று சொல்லித்தான் ஏற்றியிருப்பீர்கள்.

உங்களைக் குறை சொல்ல வரவில்லை. நானும் ஏற்றி வைத்தவன்தான். அதுவும் எலும்பு டாக்டராக இருந்துகொண்டு! ஊராருக்கெல்லாம் 'நடங்க, ஓடுங்க' என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்த வீட்டில் ஷூவைப் பரணில் போட்ட ஆசாமி நான்.

அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் அயர்லாந்து வரை அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. காரணம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998-லிருந்து ஆறு வருஷம் வட அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். ஊரில் பெரியவர், சின்னவர் எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். பெயரும் ஊரும் வேண்டாம். அவர் கூச்ச சுபாவி.

மாஸ்டர் 1960-களின் நடுவில், பதினெட்டு வயதில், தன் பள்ளிக்கூட அணியோடு சேர்ந்து சாம்பியன் பட்டம் வாங்கியவர். எந்த விளையாட்டில் என்று நினைக்கிறீர்கள்? நமக்குத் தெரிந்த ஃபுட்பால் இல்லை. கேலிக் ஃபுட்பால். அயர்லாந்துக்காரர்களுக்கே உரிய ஆட்டம்.

ஒரு பக்கத்துக்கு 15 பேர். உருண்டைப் பந்து. கையில் பிடிக்கலாம், ஆனால் பிடித்துக்கொண்டே ஓட முடியாது. நாலு அடி எடுத்து வைப்பதற்குள் பந்தைத் தரையில் தட்ட வேண்டும், அல்லது கால் விரலால் தட்டிக் கைக்கே திருப்ப வேண்டும். அடுத்தவருக்குக் கொடுப்பதென்றால் உதை, இல்லாவிட்டால் முஷ்டியால் குத்து! கோல் கம்பம் ஆங்கில எழுத்து 'ஹெச்' மாதிரி நிற்கும். குறுக்குக் கட்டைக்குக் கீழே வலைக்குள் போனால் 3 பாயின்ட், மேலே போனால் 1 பாயின்ட். (2025 முதல் பெரியவர்கள் ஆட்டத்தில் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் 2 பாயின்ட் என்று மாற்றியிருக்கிறார்கள். 'எங்க காலத்துல இருந்திருந்தா நானும் ஒரு பாயின்டாவது எடுத்திருப்பேன்' என்கிறார் மாஸ்டர். அதில் எந்த நியாயமும் இல்லை. அவர் கடைசித் தடுப்பு வரிசையில் ஆடியவர். எதிர்ப்பக்கக் கம்பத்தை அருகில் போய்ப் பார்த்ததே கிடையாது.)

இன்னொன்று. இந்த விளையாட்டில் காசு கிடையாது. 1884-ல் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம்தான் இதை நடத்துகிறது. டப்ளினில் அதன் மைதானமான க்ரோக் பார்க்கில் 80,000 பேருக்கு மேல் உட்காரலாம். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் ஆடுகிறவர் திங்கட்கிழமை காலையில் பாங்க் கவுன்ட்டரிலோ, பள்ளிக்கூடக் கரும்பலகை முன்னாலோ நிற்பார். ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லை. பிறந்த ஊர் கிளப்புக்கு ஆடுவார். வயதானால் அதே கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். அவ்வளவுதான்.

பள்ளிகளுக்கும் தனிக் கோப்பைகள் உண்டு. வடக்கே உல்ஸ்டர் மாகாணத்தில் மெக்ரோரி கோப்பை. நாலு மாகாணத்து வெற்றியாளர்களும் மோதிக்கொண்டு வாங்குவது ஹோகன் கோப்பை. ஹோகன் என்றதும் எனக்கு இன்னொரு ஹோகன் ஞாபகத்துக்கு வருகிறார். மைக்கேல் ஹோகன் என்ற டிப்பரரி ஊர் ஆட்டக்காரர். 1920 நவம்பர் 21 அன்று க்ரோக் பார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பிரிட்டிஷ் படையினர் உள்ளே நுழைந்து சுட்டார்கள். செத்துப்போன 14 பேரில் ஆடிக்கொண்டிருந்த இவரும் ஒருவர். அந்த ஊரில் இந்த ஆட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள்.

மாஸ்டர் அணி வாங்கியது மெக்ரோரி கோப்பை. அதை அவர் எனக்குச் சொன்ன விதம்தான் வேடிக்கை. ஜெயித்தவர்கள் வழக்கமாக எதைச் சொல்வார்கள்? கடைசி நிமிஷம், கடைசி கோல், தூக்கிக்கொண்டு ஓடியது... அப்படித்தானே? மாஸ்டருக்கு அதெல்லாம் அரைகுறையாகத்தான் ஞாபகம். ஒரு பாயின்ட் வித்தியாசம் என்பது தெரியும், அவ்வளவுதான்.

'குளிர்தான் ஞாபகம் இருக்கு, டாக்டர். டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும். நாங்க ஸ்கூல் விட்டு மைதானத்துக்குப் போறதுக்குள்ள பந்து பாதிதான் தெரியும். தோல் பந்து. மழைத் தண்ணியைக் குடிச்சு ஊறிப்போய், கல்லு மாதிரி ஆயிடும். அது நெஞ்சுல வந்து விழுற சத்தம் இன்னும் காதுல இருக்கு. அப்புறம், பாதி ஆட்டத்துல ஒரு வாளி நிறைய ஆரஞ்சுப் பழம் நறுக்கி வச்சிருப்பாங்க பாருங்க, அந்த வாசனை...'

ஜெயித்த மறுநாள்? 'மறுநாள் லத்தீன் பரீட்சை! பாதிரியார் ஒருத்தர்தான் வாத்தியார். கோப்பையை மேசை மேல வச்சுட்டு, பேப்பரைக் கொடுத்துட்டார்.'

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே பள்ளிக்கூடச் சாம்பியன் போட்டியெல்லாம் ஏறக்குறைய மார்ச் மாதத்தில் முடியும். மே, ஜூனில் கடைசி வருஷப் பரீட்சை. அதாவது நம் கணக்கில், பிளஸ் டூ பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் பையன் சேற்றில் புரண்டுகொண்டிருக்கிறான்!

'அவங்களுக்கென்ன, பணக்கார தேசம், மார்க் போனா வேற வழி இருக்கும்' என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. மாஸ்டரிடம் கேட்டே விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

'எங்க வீட்டுல ஆறு மாடு, டாக்டர். எட்டுப் பிள்ளைங்க. எங்க அப்பா ஆறாங்கிளாஸோட நின்னவர். எனக்கு அந்தப் பரீட்சை போச்சுன்னா ரெண்டே வழி. மாட்டுத் தொழுவம், இல்லேன்னா இங்கிலாந்துல ரோடு போடுற வேலை.'

அவர் சொன்னது பொய்யில்லை. வட அயர்லாந்தில் 1947-ல் ஒரு கல்விச் சட்டம் வந்தது. பதினோரு வயதில் ஒரு தேர்வு எழுதித் தேறினால் ஏழை வீட்டுப் பிள்ளையும் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கலாம். அப்படி விவசாயக் குடும்பங்களிலிருந்தும் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் கிளம்பிய முதல் தலைமுறையில்தான் டெர்ரி நகரத்து ஒரே பள்ளியில் படித்த இரண்டு பேர் நோபல் பரிசு வாங்கினார்கள். கவிஞர் ஷேமஸ் ஹீனி 1995-ல். அரசியல் தலைவர் ஜான் ஹ்யூம் 1998-ல். அந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பது நம்மைவிட ஒரு மடங்கு அதிக உயிர்ப் பிரச்னை. அந்தத் தலைமுறைப் பையன்களை வைத்துத்தான் அந்தப் பள்ளிகள் கடைசி வருஷத்திலும் அணி கட்டின. அந்த டெர்ரி பள்ளி 1965-ல் ஹோகன் கோப்பையையே வாங்கியது.

ஆகவே 'நமக்கு வசதி இல்லை, அதனால் நிறுத்துகிறோம்' என்ற வாதம் என்னிடம் செல்லாது. அதை நானே ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டேன் என்பதால் சொல்கிறேன்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். மாஸ்டர் கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நான் டாக்டரே இல்லை.

1999-ல் என் ஓ.பி.க்கு ஒருவர் வந்தார். வயது 52. வலது முழங்கால் வில் மாதிரி வளைந்திருந்தது. படி இறங்க முடியவில்லை, ராத்திரி வலி. எக்ஸ்ரேயில் பார்த்தால் எழுபது வயதுக்காரர் முழங்கால். 'எப்போ அடிபட்டுது?' என்றேன். 'பதினெட்டு வயசுல' என்றார். 'ஃபைனலுக்கு ஒரு வாரம் முன்னாடி.'

மாஸ்டர் அணியின் நடுக்கள நாயகன் அவர்தான்! மாஸ்டர் வீட்டுச் சுவரில் தொங்கும் புகைப்படத்தில் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர். பயிற்சியில் முழங்கால் திருகி, இரண்டு மணி நேரத்தில் பந்து மாதிரி வீங்கியிருக்கிறது. கட்டுப்போட்டு ஆடச் சொல்லிவிட்டார்கள். 60 நிமிஷம் ஆடினார். ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஒழுங்காக ஓடவே இல்லை. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். 'தாராளமா எழுதுங்க, பேரை மட்டும் போடாதீங்க' என்றார்.)

அன்று மாலை மாஸ்டரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'அவன் காலைப் பத்தி எங்கள்ல ஒருத்தரும் கேட்கல, டாக்டர். நானும் கேட்கல. ஜெயிச்சுட்டோமே!' என்றார்.

பெற்றோர்களே, இது கொஞ்சம் காதில் விழட்டும். முழங்கால் திருகி, சில மணி நேரத்துக்குள் பெரிதாக வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் தசைநார் கிழிந்திருக்கும், அல்லது ஜவ்வு. அந்தப் பிள்ளை அன்றைக்கும் ஆடக் கூடாது, அடுத்த வாரமும் ஆடக் கூடாது. டாக்டர் கைவைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்து, சரி என்று சொன்ன பிறகுதான். ஃபைனலாக இருந்தாலும் சரி, பிரதம மந்திரியே பரிசு கொடுக்க வருவதாக இருந்தாலும் சரி. கிழிந்த ஜவ்வோடு ஆடினால் முழங்கால் எலும்பின் மேலுள்ள வழவழப்பான உறை தேய்கிறது. தேய்ந்தது தானாகத் திரும்ப வளர்வதில்லை. தலையில் அடிபட்டு ஒரு விநாடி தடுமாறினாலும் இதே கதைதான். உடனே வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.

'பார்த்தீங்களா, இதுக்குத்தான் நாங்க அனுப்பறதில்ல' என்று சொல்லத் தயாராகிவிட்டீர்கள். அவசரப்படாதீர்கள். அந்த முழங்காலைக் கெடுத்தது விளையாட்டு இல்லை. கோப்பை. இரண்டும் வேறு வேறு.

பெரியவர்கள் நினைத்தால் பையனுக்காக ஆட்டத்தையே நகர்த்தலாம். அதற்கும் அதே மெக்ரோரி கோப்பையில் சாட்சி இருக்கிறது. 1970-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்து செயின்ட் மலக்கீஸ் பள்ளி ஃபைனலுக்கு வந்தது. அந்த அணியில் மார்ட்டின் ஓ'நீல் என்று ஒரு பையன். அவன் சாதாரண ஃபுட்பாலும் ஆடுகிறவன். அப்போது கேலிக் சங்கத்தில் ஒரு கடுமையான சட்டம். 'அந்நிய' ஆட்டங்களை ஆடுகிறவர், ஏன், பார்க்கிறவர்கூட நம் பக்கம் வரக் கூடாது. 1938-ல் ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போனதற்காக நாட்டின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைடையே சங்கத்தின் புரவலர் பதவியிலிருந்து நீக்கியவர்கள்! அந்த ஓ'நீல் ஆடினால் மைதானம் தர முடியாது என்று உள்ளூர் சங்கத்தார் மறுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எதிரணிப் பள்ளியும் ஒத்துக்கொள்ள, ஆட்டத்தையே பக்கத்து டைரோன் பகுதிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பையன் ஆடினான். அவன் பள்ளி ஜெயித்தது. மறு வருஷம், 1971-ல், அந்தச் சட்டமே போயிற்று. அந்தப் பையன் பிற்பாடு 1982 உலகக் கோப்பையில் வட அயர்லாந்து அணிக்கே கேப்டன்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்த எதிரணிப் பள்ளி. 'நல்லதாப் போச்சு, அவங்க நல்ல ஆட்டக்காரன் ஆட முடியாது' என்று சும்மா இருந்திருக்கலாம் இல்லையா?

சரி, மாஸ்டரிடம் திரும்புவோம். அவரோடு அந்தப் புகைப்படத்தில் கடைசி வரிசையில், ஓரத்தில், தொப்பலாக நனைந்த கோட்டோடு ஒருவர் நிற்பார். சட்டை அழுக்கே படவில்லை. அவர் மாற்று ஆட்டக்காரர். குளிர்காலம் முழுக்க ஒரு நாள் தவறாமல் பயிற்சிக்கு வந்தவர். ஃபைனலில் ஒரு நிமிஷம்கூட இறக்கவில்லை.

'பாவம்' என்றேன். 'பாவமா? எங்கள்ல அதிக வருஷம் ஆடினது அவன்தான்!' என்றார் மாஸ்டர். பள்ளி முடிந்ததும் அவர் ஊர் கிளப்பில் சேர்ந்து நாற்பது வயது வரை ஆடியிருக்கிறார். பிறகு மாஸ்டரோடு சேர்ந்து சிறுவர்களுக்குப் பயிற்சி. நான் அங்கே இருந்த காலத்தில் வாரத்தில் மூன்று சாயங்காலம் இரண்டு பேரும் விசிலோடு கிளம்பிவிடுவார்கள். இன்றைக்கு இரண்டு பேருக்கும் வயது 78. தினமும் காலையில் நாலு கிலோமீட்டர் ஒன்றாக நடக்கிறார்கள். மழையிலும்தான். அந்த ஊரில் மழை இல்லாத நாளுக்குக் காத்திருந்தால் நடக்கவே முடியாது.

இப்போது அங்கே 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் 'கோ கேம்ஸ்' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சின்ன மைதானம், குறைந்த ஆட்கள், வந்த பிள்ளை எல்லோரும் முழு ஆட்டமும் ஆடியாக வேண்டும். ஓரத்தில் உட்கார வைக்கிற பேச்சே இல்லை. நம் பள்ளிகளின் ஸ்போர்ட்ஸ் டேயை நினைத்துக்கொள்கிறேன். இருபது பிள்ளைகள் ஓடுவார்கள், ஆயிரம் பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து கைதட்டுவார்கள்!

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக தினம் 60 நிமிஷம் உடம்பு சூடேறும்படி ஓடியாட வேண்டும் என்கிறது. 2016-ம் வருஷக் கணக்குப்படி உலகத்தில் 11 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளில் 81 சதவிகிதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. இதில் 17 வயதுக்குப் 'பரீட்சை வருஷ விலக்கு' எதுவும் கிடையாது. எலும்பு தன் பலத்தைச் சேர்த்து வைப்பதே பதின்வயதில்தான். அந்தச் சேமிப்பை வைத்துத்தான் ஐம்பது, அறுபதில் செலவு செய்கிறோம்.

'டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ் போக 60 நிமிஷத்துக்கு எங்க சார் போறது?' என்பீர்கள். முக்கால் மணி ஆகட்டும், பரவாயில்லை. ஆனால் அணியிலிருந்து எடுக்காதீர்கள். தனியாக மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் ஆடச் சொன்னால் மூன்று நாள் ஆடுவான். நாலாம் நாள் கயிறு எங்கே என்று நீங்கள்தான் தேட வேண்டும். நாலு பேர் 'எங்கடா வரலை?' என்று கேட்டால்தான் அந்த வயதில் கால் நகரும். எழுபத்தெட்டிலும் அப்படித்தான் என்று அங்கே இரண்டு பேர் நிரூபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பக்கமும் ஒரு எச்சரிக்கை உண்டு. பள்ளி அணி, ஊர் கிளப், மாவட்ட அணி என்று மூன்று பக்கமும் ஒரே பையனை இழுத்துப் பிழிந்து, அங்கேயே இருபது வயதில் களைத்துப்போகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது உடம்புக்கு ஓய்வு வேண்டும். ராத்திரி எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் பிள்ளை நாலு மணிக்கு எழுந்து படித்துவிட்டு ஆடப் போகிறானா? அப்போது ஆட்டத்தை அல்ல, அலாரத்தை நிறுத்துங்கள்.

இனி என் கதை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் பத்து வயதிலிருந்து மாஸ்டரிடம் கேலிக் ஃபுட்பால் கற்றான். பெரிய கில்லாடி இல்லை. ஆனால் ஒரு நாள் விடமாட்டான். 2004-ல் மதுரைக்குத் திரும்பினோம். இங்கே கேலிக் ஃபுட்பாலுக்கு எங்கே போவது? வாலிபாலில் சேர்ந்துகொண்டான். 2006-ல் பிளஸ் டூ. மாவட்டப் போட்டிக்கு ஸ்கூல் அணியில் தேர்வாகியிருந்தான். 'அப்பா, சாயங்காலம் ஒன் அவர்தான்ப்பா' என்றான்.

என் மனைவி, 'ஏங்க, போயிட்டு வரட்டுமே' என்றுதான் சொன்னாள். நான்தான் கட்-ஆஃப், கவுன்சலிங் என்று பெரிய லெக்சர் கொடுத்து ஷூவைப் பரணில் போட்டேன். எதிர்த்துப் பேசவில்லை. நல்ல மார்க்தான் வாங்கினான். நல்ல வேலையும் கிடைத்தது.

பரீட்சை முடிந்த மறுநாள் நானே ஏணி போட்டு ஏறி ஷூவை எடுத்துக் கொடுத்தேன். சொன்ன வாக்கு இல்லையா? காலில் போட்டுப் பார்த்தான். ஏறவில்லை. வளர்ந்துவிட்டிருந்தான். 'புதுசு வாங்கலாம்டா' என்றேன். 'டீம்ல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்கப்பா' என்றான்.

இப்போது அவனுக்கு 36 வயது. பெங்களூரில் இருக்கிறான். போன வருஷம் பி.பி. மாத்திரை ஆரம்பித்திருக்கிறது. மாத்திரைக்கு வாலிபாலை நிறுத்தியதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் குடும்பத்திலேயே அது உண்டு. ஆனாலும்...

போன மார்ச் மாதம் மாஸ்டர் ஃபோன் பண்ணினார். அங்கே பள்ளி ஃபைனல்கள் நடக்கிற சமயம். ஆட்டம் பார்த்துவிட்டு வந்த உற்சாகம் குரலில் இருந்தது. மழை, சேறு, யார் எப்படி ஆடினார்கள் என்று பத்து நிமிஷம் பேசினார். பிறகு வழக்கம்போல வீட்டில் எல்லோரையும் விசாரித்தார்.

'உங்க பையன் எப்படி இருக்கான்? நல்ல தடுப்பாட்டக்காரன் ஆச்சே அவன். இப்ப என்ன விளையாடறான்?'

லைன் சரியில்லை, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.